மேசைக் கணினிக்கு வீட்டிலேயே பேட்டரி மின்காப்பு: வண்டிப்பெரியாற்றுக் கடை ஒன்றுக்கான விடை

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட அளவில் முதலில் சொல்லிவிடுகிறேன். கேரளத்தின் இடுக்கி மாவட்டத்திலுள்ள வண்டிப்பெரியாற்றில் தட்டச்சு, விண்ணப்பம், அழைப்பிதழ் வேலைகளுக்கான சிறிய கடை வைத்திருக்கிறீர்கள். அங்கே ஒரு மேசைக் கணினி, ஒரு லேசர் பிரிண்டர், ஒரு இங்க் பிரிண்டர், இணையப் பெட்டி (ரவுட்டர்) ஆகியவை இருக்கின்றன. மழைக்காலத்தில் மரம் சாய்ந்து கம்பி அறுந்தால் மூன்று நான்கு மணி நேரம் மின்சாரம் வருவதில்லை. மற்ற நாள்களிலும் மாலை ஆறு மணிக்குமேல் அழுத்தம் 160, 170 வோல்ட் வரை இறங்கிவிடுகிறது. கையில் பழைய 600 விஏ யுபிஎஸ் (மின்சாரம் நின்றால் கணினியைச் சிறிது நேரம் தாங்கும் பேட்டரிப் பெட்டி) ஒன்று உண்டு. அதன் சிறிய பேட்டரி செத்துவிட்டது. மாமா தன் ஜீப்பிலிருந்து கழற்றிய பேட்டரியைத் தருவதாகச் சொல்கிறார். அதை இந்த யுபிஎஸ்ஸில் மாட்டி நான்கு மணி நேரம் ஓட்ட முடியுமா, முடியாதென்றால் வீட்டிலேயே என்ன செய்துகொள்ளலாம் என்பது கேள்வி.

மாட்ட முடியும், ஆனால் மாட்டக் கூடாது. காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் கம்பம் ஊரிலிருந்து கட்டப்பனை வரை பலரும் இதைச் செய்துதான் வைத்திருக்கிறார்கள், சில மாதம் ஓடவும் செய்கிறது.

600 விஏ யுபிஎஸ் என்பது பொதுவாக 360 வாட் வரை தரக்கூடியது. அதனுள் இருப்பது 12 வோல்ட், 7 ஏஎச் (ஆம்பியர்-மணி, அதாவது பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி. உங்கள் கணினியும் திரையும் சேர்ந்து 120 வாட் எடுத்தால் அது கால் மணி நேரம் தாங்கும். அந்தக் கால் மணி நேரத்துக்காகவே உள்ளிருக்கும் டிரான்ஸ்ஃபார்மரும், மாஸ்ஃபெட் என்னும் மின்னணு சுவிட்சுகள் அமர்ந்திருக்கும் அலுமினியத் தகடும் அளவெடுத்து வைக்கப்பட்டிருக்கின்றன. பெரிய பேட்டரியைக் கோத்து நான்கு மணி நேரம் ஓடவிட்டால், சூடேறி டிரான்ஸ்ஃபார்மர் தன் காப்புப் பூச்சைக் கருக்கத் தொடங்கிவிடலாம். பெட்டிக்குள் விசிறி ஒன்றைப் பொருத்திக் கொடுப்பவர்களும் உண்டு. அதனால் சூட்டைச் சற்றுத் தள்ளிப்போடலாம், அவ்வளவே.

இதைவிடப் பெரிய குறை மின்னேற்றத்தில் இருக்கிறது. அந்த யுபிஎஸ் தன் பேட்டரிக்குள் செலுத்துவது ஏறக்குறைய 1 ஆம்பியர்தான். நான்கு மணி நேர வேலைக்குப் பேட்டரியிலிருந்து 47 ஏஎச் வரை செலவாகும். அந்தக் கணக்கைக் கீழே தருகிறேன். ஈயப் பேட்டரிக்குள் எடுத்ததைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகத் திருப்பிச் செலுத்தினால்தான் அது நிறையும் என்பதால், 56 ஏஎச் உள்ளே போக வேண்டும். 1 ஆம்பியரில் அதற்கு 56 மணி நேரம் ஆகும். இரண்டு நாளைக்கு மேல் தடையில்லாமல் மின்சாரம் வந்தால்தான் பேட்டரி நிறையும் என்றால், ஆடி மாதத்தில் அது ஒருநாளும் நிறையப்போவதில்லை. பாதி வயிற்றோடு கிடக்கும் ஈயப் பேட்டரியின் தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகிவிடும்; ஓராண்டுக்குள் பேட்டரி கெட்டுவிட்டது என்று கடைக்காரர் மேல் கோபம் வரும். பேட்டரியின் அளவைப் பற்றி யோசிப்பவர்கள், அதற்குள் எவ்வளவு வேகமாகத் திருப்பி நிரப்பப் போகிறோம் என்பதைப் பெரும்பாலும் யோசிப்பதில்லை. உங்கள் ஊரைப் பொறுத்தவரை நான் முதலில் முடிவு செய்யச் சொல்வது சார்ஜரைத்தான். பேட்டரி அதற்குப் பிறகுதான்.

மூன்றாவதாக, விலை குறைந்த சில யுபிஎஸ்களில் பேட்டரி முனைகள் மெயின் மின்சாரத்திலிருந்து பிரிக்கப்பட்டிருப்பதில்லை. மூடிய பெட்டிக்குள் இருக்கும்வரை அதனால் கேடில்லை. வயரை வெளியே இழுத்துத் தரையில் இருக்கும் பேட்டரியில் மாட்டிவிட்டால், 12 வோல்ட்தானே என்று தொடுகிறவர் 230 வோல்ட்டைத் தொடுவதாக முடியலாம்.

ஜீப் பேட்டரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாகனப் பேட்டரி சில நொடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொடுத்து என்ஜினைக் கிளப்புவதற்காகச் செய்யப்பட்டது. அதனால் அதன் தகடுகள் மெல்லியவை, எண்ணிக்கையில் அதிகமானவை. மணிக்கணக்காக வடித்து, மறுபடி நிரப்பி, மறுபடி வடிக்கும் வேலைக்கு அது ஆகாது. சில பத்து முறை ஆழமாக வடித்தாலே தகட்டுப் பொருள் உதிர்ந்து அடியில் வண்டலாகத் தங்கிவிடும். ஆனாலும் மாமாவிடம் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். அதற்கு வேறொரு வேலை இருக்கிறது.

இப்போது உங்கள் கடைக்கு உண்மையில் எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்பதைப் பார்ப்போம். கணினியின் எஸ்எம்பிஎஸ் (உள்ளே மின்சாரம் தரும் பெட்டி) மேல் 450 வாட் என்று எழுதியிருப்பதைப் பார்த்து மிரள வேண்டாம். அது தரக்கூடிய உச்சம், எடுத்துக்கொள்ளும் அளவு அன்று. தனியாகக் கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத அலுவலகக் கணினி 60 முதல் 90 வாட்டும், எல்இடி திரை 20 முதல் 25 வாட்டும், இணையப் பெட்டி 10 வாட்டும் எடுப்பதே வழக்கம். வாட் மீட்டர் கிடைத்தால் செருகிப் பாருங்கள். இல்லாவிட்டால் கடையின் மின்மீட்டரே போதும். அதன் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று அச்சிட்டிருக்கும். 3200 என்று இருந்தால், சிவப்பு விளக்கின் ஒரு மினுக்கு 0.3125 வாட்-மணி. மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கணினியில் வழக்கமான வேலை நடக்கும்போது ஐந்து நிமிடம் எண்ணுங்கள். 32 மினுக்கு வந்தால் உங்கள் செலவு 120 வாட். இந்த அளவை வைத்தே மேற்கொண்டு கணக்கிடுகிறேன்.

லேசர் பிரிண்டரை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, சேர்க்கவும் கூடாது. மையைத் தாளில் உருக்கி ஒட்டும் உருளை சூடாகும் நேரத்தில் அது பல நூறு வாட் இழுக்கும். அதை மெயினிலேயே விட்டுவிடுங்கள். மின்சாரம் இல்லாத நேரத்துக்கு இங்க் பிரிண்டர் போதும், அதற்கு 20 வாட்டுக்குமேல் தேவைப்படாது.

120 வாட் நான்கு மணி நேரம் என்றால் 480 வாட்-மணி. பேட்டரி மின்சாரத்தை 230 வோல்ட்டாக மாற்றும் இன்வெர்ட்டர் நூற்றுக்கு 85 பங்கைத்தான் வெளியே தரும் என்று கொண்டால் பேட்டரி கொடுக்க வேண்டியது 565 வாட்-மணி. அதை 12 ஆல் வகுத்தால் 47 ஏஎச். ஈயப் பேட்டரியைப் பாதிக்குமேல் வடிக்காமல் வைத்திருப்பது ஆயுளுக்கு நல்லது என்பதால் அதன் இரு மடங்கு, அதாவது 94. மூன்று ஆண்டு கழித்துப் பேட்டரி தளர்ந்த பிறகும் வேலை ஓட வேண்டும் என்பதையும், கடைகளில் சொல்லும் ஏஎச் அளவு 20 மணி நேரத்தில் மெதுவாக வடிக்கும்போது கிடைப்பது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி (ஆழமாக வடிப்பதற்கென்று குழாய்த் தகடு வைத்தது) சரியாக இருக்கும். இன்னும் பெரியதை வாங்கித்தர யாராவது முன்வந்தாலும் வேண்டாம் என்பேன். அதை நிரப்ப இன்னும் பெரிய சார்ஜர் வேண்டும்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி வாங்க முடிந்தால் கணக்கு மாறும். அதை நூற்றுக்கு 80 வரை தயங்காமல் வடிக்கலாம் என்பதால் 12.8 வோல்ட், 60 ஏஎச் இருந்தாலே நான்கு மணி நேரம் வரும். ஆசிட் இல்லை, வாயு இல்லை, ஆயிரக்கணக்கான முறை வடித்து நிரப்பலாம். முதலில் விழும் விலை அதிகம் என்பதும், பிஎம்எஸ் எனப்படும் காப்புச் சுற்று உள்ளே இல்லாத வெறும் செல்களை வாங்கி அடுக்கக் கூடாது என்பதும் நினைவில் இருக்க வேண்டும். பழைய லேப்டாப் பேட்டரிகளிலிருந்து உருளைச் செல்களைப் பிரித்து ஒட்டவைத்துச் செய்வதை இங்கே பரிந்துரைக்க மாட்டேன். அவை வேறு வகை லித்தியம். ஒன்று கெட்டால் பக்கத்திலிருப்பதையும் கொளுத்தும். நீங்கள் இரவில் பூட்டிவிட்டுப் போகும் மரக்கூரைக் கடைக்குள் அது இருக்க வேண்டாம்.

அடுத்து அமைப்பு. கடைகளில் கிடைக்கும் சைன் வேவ் (மெயினைப் போலவே சீரான அலையாக மின்சாரம் தரும்) ஹோம் இன்வெர்ட்டரையும் 150 ஏஎச் பேட்டரியையும் வாங்கி வைத்தால் போதாதா என்று கேட்கலாம். வோல்டேஜ் ஒழுங்காக இருக்கும் ஊரில் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். உங்கள் ஊரில் அது தடுமாறும் இடம் ஒன்று உண்டு. அந்த இன்வெர்ட்டர்களில் யுபிஎஸ் நிலை, சாதாரண நிலை என்று இரண்டு இருக்கும். யுபிஎஸ் நிலையில் மெயின் ஏறக்குறைய 180 வோல்ட்டுக்குக் கீழே போனால் மின்சாரமே இல்லை என்று எடுத்துக்கொண்டு பேட்டரிக்கு மாறிவிடும். மாலையில் உங்களுக்கு வருவது 165 வோல்ட். ஆகவே கம்பியில் மின்சாரம் இருக்கும்போதே ஒவ்வொரு மாலையும் பேட்டரி வடியும், மின்னேற்றமும் நடக்காது. இரவு உண்மையிலேயே மின்சாரம் நின்றால் கையில் மிச்சம் இருக்காது. சாதாரண நிலைக்குத் திருப்பினால் 100 வோல்ட் சொச்சம் வரை மெயினை அப்படியே விடும். ஆனால் மாறும் நேரம் நீளும். கணினியின் எஸ்எம்பிஎஸ் மின்சாரம் நின்றபின் தன் மின்தேக்கியில் உள்ளதைக் கொண்டு ஏறக்குறைய 16 மில்லி நொடி தாக்குப்பிடிக்கும்; 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஒரு சுற்றுக்கூட 20 மில்லி நொடி. அதற்குள் மாறாத இன்வெர்ட்டரில் கணினி அணைந்து மறுபடி துவங்கும்.

இடுக்கி மாவட்டத்திலேயே மூலமட்டத்தில் 780 மெகாவாட் நிலையம் இருக்கிறது. குமுளி மலையை இறங்கினால் லோயர்கேம்ப்பில் பெரியாற்று நீர் டர்பைனைச் சுற்றுகிறது. இடையில் இருக்கும் எங்களுக்கு 160 வோல்ட்டா என்று உங்கள் பக்கத்துக்காரர்கள் கேட்பது நியாயமான வருத்தம்தான். ஆனால் மின்நிலையம் அருகில் இருப்பதற்கும் கடை வாசலில் வரும் அழுத்தத்துக்கும் தொடர்பில்லை. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கடைசிக் கம்பம் வரை கம்பி எவ்வளவு நீளம், மாலையில் அதே கம்பியில் எத்தனை வீடு என்பதே அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. அளந்த நேரத்தையும் வோல்ட்டையும் ஒரு வாரம் குறித்து வைத்து, மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுத்தாகக் கொடுங்கள். அது நடக்கும்போது நடக்கட்டும்.

ஆகவே நான் சொல்லும் அமைப்பில் மெயினிலிருந்து பேட்டரிக்கு மாறும் வேலையே கிடையாது. மெயினில் ஒரு சார்ஜர், சார்ஜரிலிருந்து பேட்டரி, பேட்டரியிலிருந்து சைன் வேவ் இன்வெர்ட்டர், இன்வெர்ட்டரிலிருந்து கணினி. கணினி எப்போதும் இன்வெர்ட்டரில்தான் ஓடும். மெயின் வந்தாலும் போனாலும் இறங்கினாலும் அதற்குத் தெரியாது. மெயினின் ஏசியை (திசைமாறும் மின்சாரம்) பேட்டரிக்கான டிசியாகவும் (ஒருதிசை மின்சாரம்), அதை மறுபடி ஏசியாகவும் இரண்டு முறை மாற்றுவதால் இழப்பு உண்டு. 120 வாட் வேலைக்கு மெயினிலிருந்து 160 வாட் எடுப்பதாகக் கொண்டால், பத்து மணி நேரக் கடைக்கு நாளொன்றுக்கு 0.4 யூனிட் வீண். ஸ்டெபிலைசர் வாங்க வேண்டியதில்லை என்பதை நினைத்து அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இங்கே சார்ஜருக்கு இரட்டைச் சுமை. மெயின் இருக்கும் நேரத்தில் கணினிக்கான 12 ஆம்பியரையும் அதுவே கொடுக்க வேண்டும். வடிந்த பேட்டரிக்கு 15 ஆம்பியராவது கொடுக்க வேண்டும். ஆகவே 30 ஆம்பியர் சார்ஜர் வேண்டும். அப்போது நான்கு மணி நேர இழப்பைக் கடை நேரத்திலேயே ஆறேழு மணி நேரத்தில் ஈடுசெய்துவிடலாம். இரவு கணினி அணைந்திருக்கும்போது இன்னும் விரைவாக நிறையும். 150 ஏஎச் டியூபுலர் பேட்டரிக்கு 30 ஆம்பியர் என்பது மேல்வரம்பு. ஆகவே மின்னோட்டத்தைக் குறைத்து வைக்கும் வசதியுள்ள சார்ஜர் நல்லது. பழைய பாணியில் கனமான டிரான்ஸ்ஃபார்மர் வைத்த சார்ஜரை வாங்காதீர்கள். உள்ளே வரும் அழுத்தம் குறைந்தால் வெளியே வருவதும் அதே விகிதத்தில் குறைவதால், 165 வோல்ட்டில் அது பேட்டரிக்குள் எதையும் தள்ளாது. கணினியில் இருப்பதுபோன்ற எஸ்எம்பிஎஸ் வகைச் சார்ஜரில், மேலே ஒட்டியுள்ள தாளில் உள்ளீடு 100 முதல் 240 வோல்ட் என்று தொடர்ச்சியாக எழுதியிருப்பதைத் தேடுங்கள். சிலவற்றில் 115, 230 என்று சிறிய தள்ளுசுவிட்ச் இருக்கும். வோல்டேஜ் குறைகிறதே என்று அதை 115 பக்கம் தள்ளிவிடாதீர்கள். இரவு பத்து மணிக்கு அழுத்தம் 230க்குத் திரும்பியதும் உள்ளிருக்கும் மின்தேக்கிகள் வெடிக்கும்.

சார்ஜர் விஷயத்தில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. மூன்று கட்டமாக மின்னேற்றும் தானியங்கி சார்ஜர், முதலில் முழு ஆம்பியரையும் செலுத்தி, பிறகு 14.4 வோல்ட்டில் நிறுத்தி, பேட்டரி வாங்கும் ஆம்பியர் குறைந்ததும் 13.5, 13.8 வோல்ட் என்ற தங்கு அழுத்தத்துக்கு இறங்கும். உங்கள் அமைப்பில் கணினி 12 ஆம்பியரை எப்போதும் இழுத்துக்கொண்டிருப்பதால், பேட்டரிதான் இன்னும் வாங்குகிறது என்று சார்ஜர் எண்ணிக்கொள்ளும். அது நாள் முழுவதும் 14.4 வோல்ட்டிலேயே நிற்கும்; தண்ணீர் கொதித்து வற்றும். அதனால் 13.8 வோல்ட்டில் நிலையாக வைக்கக்கூடிய எளிய சார்ஜரையே பொருத்துங்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கணினியும் இன்வெர்ட்டரும் அணைந்திருக்கும்போது மட்டும் சில மணி நேரம் 14.4க்கு உயர்த்தி, அடியில் தங்கிய ஆசிட்டைக் கலக்கிவிட்டு, மறுபடி 13.8க்கு இறக்கிவிடுங்கள். லித்தியம் பேட்டரி என்றால் 13.6 போதும், மாதாந்திர வேலையும் இல்லை. மலைக்குளிருக்கு ஒரு சிறு திருத்தம்: 12 வோல்ட் ஈயப் பேட்டரிக்கு 25 பாகை செல்சியஸுக்குக் கீழே ஒவ்வொரு பாகைக்கும் ஏறக்குறைய 18 மில்லி வோல்ட் கூட்ட வேண்டும். அறை 18 பாகையில் இருந்தால் 13.8 என்பது 13.9 ஆகும். குளிர்ச்சியால் உங்களுக்கு வரவும் உண்டு: கம்பம் பள்ளத்தாக்கின் வெயிலில் இருக்கும் பேட்டரியைவிட உங்களுடையது ஓரிரு ஆண்டு கூடுதலாக உழைக்க வாய்ப்பிருக்கிறது.

இன்வெர்ட்டர் 500, 600 வாட் அளவில் சுத்தமான சைன் வேவ் தருவதாக இருக்கட்டும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் விலை குறைவுதான். மின்விசிறி இரைச்சலோடு சுற்றும், பல்பு எரியும். ஆனால் ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தைச் சீராக இழுக்கும் சுற்று) உள்ள புதிய எஸ்எம்பிஎஸ்கள் அதை ஏற்காமல் அணைந்துவிடுவது உண்டு. 1000 வாட் வாங்கி வைப்போம் என்றும் எண்ண வேண்டாம். சுமையே இல்லாமல் இருக்கும்போதும் பெரிய இன்வெர்ட்டர் தனக்கென்று கூடுதலாகத் தின்னும்.

இனி வயரும் ஃப்யூஸும். வீட்டில் செய்த அமைப்புகள் தீப்பிடிப்பது பெரும்பாலும் இங்கேதான். 150 ஏஎச் பேட்டரியின் இரு முனைகளும் ஒரு ஸ்பேனரால் தொட்டுக்கொண்டால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். ஸ்பேனர் சிவந்து ஒட்டிக்கொள்ளும். 12 வோல்ட் உடம்பில் ஷாக் அடிக்காது என்பதால் மக்களுக்கு அதன்மேல் பயம் இல்லை. ஆகவே பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள், வேறு எதையும் இணைப்பதற்கு முன்பே ஃப்யூஸ் இருக்க வேண்டும். இன்வெர்ட்டர் பக்கத்துக்கு 60 ஆம்பியர், சார்ஜர் பக்கத்துக்கு 40 ஆம்பியர், இரண்டும் தனித்தனியாக, டிசிக்கென்று செய்யப்பட்டவையாக. வீட்டு எம்சிபியை (தானே விழும் சுவிட்சை) இங்கே மாட்டக் கூடாது. ஏசியில் நொடிக்கு நூறு முறை மின்னோட்டம் சுழியைத் தொடுவதால் தீப்பொறி தானே அணையும். டிசியில் அது நின்று எரியும்.

500 வாட் முழுச் சுமையில் இன்வெர்ட்டர் 53 ஆம்பியர் வரை இழுக்கும். வீட்டு வேலையில் மிஞ்சிய 1.5 சதுர மில்லிமீட்டர் வயரை இதற்குப் போட்டால், போகவரச் சேர்த்து இரண்டு மீட்டரிலேயே 1 வோல்ட்டுக்கு மேல் வயரில் வீணாகும். வயரின் உறையும் உருகும். 16 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போட்டால் அந்த இழப்பு 0.12 வோல்ட் அளவில் நிற்கும். சார்ஜருக்கு 10 சதுர மில்லிமீட்டர் போதும். வயரின் முனையில் செம்பு லக் (துளையுள்ள இணைப்பு முனை) வைத்து, அதற்குரிய கருவியால் அழுத்திப் பொருத்துங்கள். சுத்தியலால் தட்டி நசுக்கியதும், ஈயம் பற்றவைத்ததோடு நின்றதும் நாளடைவில் தளர்ந்து சூடாகும். கம்பத்திலோ கட்டப்பனையிலோ இன்வெர்ட்டர் வேலை செய்யும் எந்தக் கடையிலும் வயரை அளந்து கொடுத்தால் லக் அடித்துத் தருவார்கள்.

முதன்முறை இன்வெர்ட்டரைப் பேட்டரியோடு இணைக்கும்போது உள்ளிருக்கும் மின்தேக்கிகள் நிரம்புவதால் சடக்கென்று தீப்பொறி வரும். அப்போது பேட்டரி மின்னேற்றத்தில் இருந்தால் அதன் வாயிலில் ஹைட்ரஜன் இருக்கும். காற்றில் அது நூற்றுக்கு 4 பங்கு சேர்ந்தாலே பற்றும். ஆகவே சார்ஜரை முன்கூட்டியே நிறுத்திவிட்டு, கடைசி இணைப்பைப் பேட்டரி முனையில் செய்யாமல் ஃப்யூஸ் பக்கத்தில் செய்யுங்கள். ஃப்யூஸ் இடத்தில் ஒரு 12 வோல்ட் பல்பைச் சில நொடி வைத்து, பல்பு ஒளிர்ந்து அடங்கிய பிறகு ஃப்யூஸை மாட்டினால் பொறியே வராது.

ஏசி பக்கத்தில் நான் கண்டிப்பாகச் சொல்ல விரும்புவது ஒன்று. இன்வெர்ட்டரின் வெளியீட்டைக் கடையின் சுவரிலுள்ள பிளக் பாயிண்ட்டில் இரண்டு பக்கமும் ஆண்பின் வைத்த வயரால் செலுத்தி, கடை முழுவதையும் எரியவிடும் வேலையை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். மெயின் சுவிட்சை அணைக்க மறந்தால் அந்த மின்சாரம் தெருக்கம்பிக்கு ஏறும். மின்சாரம் இல்லை என்று நம்பி மழையில் கம்பத்தில் ஏறியிருக்கும் ஊழியரின் உயிர் போகும். இன்வெர்ட்டருக்குத் தனி எக்ஸ்டென்ஷன் போர்டு, அதில் கணினியும் திரையும் இங்க் பிரிண்டரும் மட்டும். சுவர் வயரிங்கைத் தொட வேண்டியிருந்தால் உரிமம் பெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

எர்த் இல்லாத கணினியின் இரும்புப் பெட்டியில் புறங்கை பட்டால் விறுவிறுக்கும். எஸ்எம்பிஎஸ் உள்ளே ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பெட்டிக்குச் செல்லும் இரண்டு சிறு மின்தேக்கிகள், எர்த் இல்லாதபோது பெட்டியை மெயினின் பாதி அழுத்தத்தில் நிறுத்திவிடுவதே காரணம். ஆகவே எக்ஸ்டென்ஷன் போர்டின் எர்த் முனையையும் இன்வெர்ட்டரின் உடலையும் கடையின் எர்த்தோடு தனிப் பச்சை வயரால் நிலையாக இணையுங்கள். இன்வெர்ட்டரின் நியூட்ரலையும் எர்த்தையும் நீங்களாகச் சேர்க்க வேண்டாம். சில சிறிய இன்வெர்ட்டர்களின் உள்ளமைப்பு அதைத் தாங்காது.

இந்த அமைப்பால் உங்கள் ஊருக்குக் கிடைக்கும் கூடுதல் நன்மை இடி நேரத்தில் தெரியும். சித்திரை, வைகாசி மதியங்களிலும் துலாவர்ஷ (வடகிழக்குப் பருவமழை) மாலைகளிலும் வானம் இருட்டியதும் சார்ஜரின் பிளக்கைச் சுவரிலிருந்து முழுக்க உருவிவிட்டு, வாடிக்கையாளரின் விண்ணப்பத்தை நிறுத்தாமல் முடிக்கலாம். செம்புக் கம்பியில் வரும் தொலைபேசி இணைப்பு இருந்தால் அதையும் கழற்ற வேண்டும். ஃபைபர் இணைப்பின் கண்ணாடி இழை மின்னலைக் கடத்தாது என்றாலும், அந்தக் கேபிளோடு சேர்ந்து வரும் இரும்புத் தாங்குகம்பியை வாசலுக்கு வெளியிலேயே வெட்டி நிறுத்தச் சொல்லுங்கள்.

மாமாவின் ஜீப் பேட்டரிக்கு வேலை இணையப் பெட்டியிடம் இருக்கிறது. முதலில் அதை முழுதாக மின்னேற்றி, ஓர் இரவு சும்மா வைத்து அளந்தால் 12.6 வோல்ட்டாவது இருக்க வேண்டும். பிறகு ஜீப்பின் 60 வாட் முகவிளக்கு பல்பை மாட்டினால் 5 ஆம்பியர் போகும். நான்கு மணி நேரம் எரிந்த பிறகும் 12 வோல்ட்டுக்குக் கீழே போகாவிட்டால் நல்ல பேட்டரிதான். 10 வாட் இணையப் பெட்டி அதிலிருந்து 1 ஆம்பியருக்கும் குறைவாகவே எடுக்கும். அவ்வளவு மேலோட்டமாக வடிப்பதை வாகனப் பேட்டரி தாங்கும். பெட்டியின் அடாப்டரில் 12 வோல்ட் என்று எழுதியிருந்தாலும் நேரடியாக இணைக்காமல், ஏற்றியும் இறக்கியும் 12ஐ நிலையாகத் தரும் சிறு மாற்றியை நடுவில் வையுங்கள், 2 ஆம்பியர் ஃப்யூஸோடு. இப்பேட்டரிக்குச் சிறிய தனிச் சார்ஜர் வேண்டும். பழையதையும் புதியதையும் ஒன்றாகப் பிணைத்தால் கெட்டது நல்லதையும் வடித்துவிடும்.

எப்போது நிறுத்துவது என்பதும் முக்கியம். பெரும்பாலான இன்வெர்ட்டர்கள் பேட்டரி 10.5 வோல்ட் ஆகும்வரை இழுத்துவிட்டுத்தான் அணையும். ஈயப் பேட்டரிக்கு அது மிக ஆழம். அளவை மாற்ற முடிந்தால் சுமையோடு 11.7 வோல்ட்டில் வையுங்கள். முடியாவிட்டால் மேசையில் ஒரு சிறு டிஜிட்டல் வோல்ட்மீட்டரைக் கண்ணில் படும்படி பொருத்தி, 11.8 வந்ததும் கோப்பைச் சேமித்து அணைத்துவிடுங்கள். கடையில் வாங்கும் சில யுபிஎஸ்கள் யுஎஸ்பி வழியாகக் கணினிக்குத் தாமே சொல்லும். இதில் அந்த வசதி இல்லை. லித்தியம் பேட்டரியின் அழுத்தம் கடைசிவரை ஏறக்குறைய ஒரே அளவில் நின்று திடீரென்று விழும் என்பதால் அதற்கு வோல்ட்மீட்டர் பயன்படாது. போனதும் வந்ததுமான ஆம்பியரை எண்ணும் ஷண்ட் மீட்டர் வேண்டும்.

பேட்டரியைத் தரையிலிருந்து உயர்த்திய மரப்பலகையில், சன்னலோரம், கணினிக்கு நேர் கீழே இல்லாமல் வையுங்கள்; ஆசிட் ஆவி மதர்போர்டின் செம்பை அரிக்கும். உங்கள் ஊர் ஈரத்தில் முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூக்கும். இறுக்கியபின் வாசலின் தடவுங்கள். பேட்டரியின் நீர்மட்டம் காட்டும் மிதவை இறங்கினால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். மழைநீரும் வேண்டாம், ஆசிட்டும் வேண்டாம். ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நிறைந்த டியூபுலர் பேட்டரி 1.240 அருகில் காட்டும். பேட்டரியின் ஆறு அறைகளில் ஒன்று மட்டும் எப்போதும் பின்தங்கினால் அந்த அறையில் கோளாறு தொடங்கிவிட்டது என்று பொருள், உத்தரவாதக் காலத்துக்குள்ளேயே விற்றவரிடம் கொண்டுபோங்கள்.

எல்லாம் கோத்து முடித்ததும் முதல் சோதனையை வேலை நாளில் வைக்காதீர்கள். விடுமுறை நாளில் பேட்டரியை முழுதாக நிரப்பி, சார்ஜர் பிளக்கை உருவி, கணினியில் ஒரு வீடியோவை ஓடவிட்டு, அரை மணிக்கு ஒரு முறை வோல்ட்டை எழுதுங்கள். ஒவ்வொரு லக்கையும் ஃப்யூஸ் முனையையும் கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இயல்பு, விரலை வைத்திருக்க முடியாத சூடு எங்காவது இருந்தால் ஃப்யூஸைக் கழற்றிவிட்டு அந்த இணைப்பை மறுபடி செய்யுங்கள். பிறகு மாலை 165 வோல்ட் வரும் நேரத்தில் சார்ஜரை மாட்டி, பேட்டரி முனையில் 13 வோல்ட்டுக்கு மேல் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறாவிட்டால் சார்ஜர் அந்த அழுத்தத்தில் வேலை செய்யவில்லை. அதை மாற்றிவிட்டுத்தான் மேற்கொண்டு போக வேண்டும்.